காருகுறிச்சிக்கு ஒரு டிக்கெட்!

எங்கள் ஆபீஸுக்கு மாற்றலாகி வந்த மேலதிகாரிக்கு ஒரு வியாதி. ஜாஸ் இசைத்தட்டு சேர்ப்பது!

குவார்ட்டர்ஸில் கட்டில் வந்து இறங்குவதற்கு முன்னால் தட்டு அலமாரி வந்து இறங்கியது. ஒருநாள் வீட்டுக்குக் கூப்பிட்டு, கனத்த அட்டைப்பெட்டி ஒன்றைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரே கலைஞரின் பத்துத் தட்டு. கூடவே கல்யாண ஆல்பம் சைஸில் ஒரு புஸ்தகம். விலையைச் சொன்னார். பிடித்தம் போக நான் வீட்டுக்குக் கொண்டுபோகும் ஒரு மாதச் சம்பளம்!

"அப்படி என்ன சார் இருக்கு இதுல?"

"ஒரு மெட்டை எடுத்துக்குவாங்க. அப்புறம் அந்த நிமிஷம் மனசுல என்ன தோணுதோ அதுதான் வாசிப்பு. இன்னிக்கு வாசிச்சது நாளைக்கு வராது!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சார், இதைத்தானே எங்க ஊர்க் கோயில் வாசல்ல விடிய விடிய நாயனத்துல வாசிச்சாங்க!"

"அப்படியா? தட்டு இருக்கா?"

மாட்டிக்கொண்டேன். தாத்தா விட்டுப்போன கொஞ்சம் தட்டுகளும், அதைச் சுற்றவைக்கும் கிழட்டு பிளேயர் ஒன்றும் என்னிடம் உண்டு. ஆனால், காருகுறிச்சி அருணாசலம் இல்லை. திருநெல்வேலிக்காரன் வீட்டில் அல்வா இல்லை என்று சொல்வதற்குச் சமம்!

ஞாயிற்றுக்கிழமை காலை, மேலதிகாரி கொடுத்த 5,000 ரூபாயைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு செங்கோட்டை பாசஞ்சர் ஏறினேன்.

மீட்டர் கேஜ் காலத்தில் இந்த ரயில், மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி நின்று நின்று போகும். 2012-ல் அகலப்பாதை வந்தபிறகு கொஞ்சம் வேகம் பிடித்திருக்கிறது. பேட்டை தாண்டி, சேரன்மகாதேவிக்கு முன்னால் தாமிரபரணி குறுக்கே வருகிறது. அப்புறம் கன்னடியன் கால்வாய்ப் பாசன வயல்கள், வாழைத் தோட்டங்கள், மேற்கே பொதிகை மலை. ஒரு மணி நேரத்துக்குள் காருகுறிச்சி.

இந்த ஊர்ப் பெயரை உலகத்துக்கு வாசித்துக் காட்டியவர் அருணாசலம். டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். 1962-ல் 'கொஞ்சும் சலங்கை' வந்தபோது, எஸ்.ஜானகியின் குரலோடு அவர் நாதஸ்வரம் போட்டி போட்டதைக் கேட்டுத் தமிழ்நாடே சொக்கிப் போனது. அடுத்த இரண்டே வருஷத்தில், 1964-ல், மனிதர் போய்விட்டார். மிச்சம் தட்டுகள்தான்.

அந்தத் தட்டும் லேசுப்பட்டதா? 78 ஆர்.பி.எம். தட்டு என்பது அரக்கும் கல்பொடியும் கலந்து செய்தது. கீழே விழுந்தால் அப்பளம்! ஒரு பக்கத்துக்குச் சுமார் 3 நிமிஷம், அதற்குமேல் கொஞ்சம். ராத்திரி முழுக்க ஒரே ராகத்தை ஊதுகிறவரைக் கூப்பிட்டு, '3 நிமிஷத்தில் முடிங்க' என்றால் எப்படி இருக்கும்? 1920-களில் அமெரிக்காவில் லூயி ஆர்ம்ஸ்ட்ராங் ஊதினபோதும் இதே தொல்லைதான். எல்.பி. தட்டு 1948-ல் வந்தபிறகுதான் பக்கத்துக்கு 20 நிமிஷம் கிடைத்தது. நம் நாட்டில் 78 தட்டு அதற்குப் பிறகும் ரொம்ப நாள் ஓடிற்று. பீட்டில்ஸ் பாட்டையே இங்கே 78 தட்டில் போட்டார்கள். இன்றைக்கு அதைத் தேடி வெளிநாட்டுக்காரர்கள் அலைகிறார்கள்!

டீக்கடையில் விசாரித்து, ஒரு பழைய சவுண்டு சர்வீஸ்காரர் வீட்டைப் பிடித்தேன். எண்பது வயசிருக்கும். திண்ணையில் துருப்பிடித்த குழாய் ஸ்பீக்கர் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. கோழி அடைக்கிறார்கள்!

"வாங்க தம்பி" என்று தகரப் பெட்டியைத் திறந்தார். ஒவ்வொரு தட்டிலும் லேபிளை மறைத்துக் காகிதம் ஒட்டியிருந்தது. 'மாப்பிள்ளை அழைப்பு', 'தாலி கட்டு', 'பந்தி', 'பொண்ணு அழும்போது'!

"மேளம் வைக்க வசதியில்லாத வீட்டுல இதுதான் தம்பி மேளம். காருகுறிச்சியார் எத்தனை ஏழை வீட்டுல தாலிக்கு வாசிச்சிருக்காருன்னு அவருக்கே தெரியாது."

'தாலி கட்டு' தட்டுதான் அவருடையது. குறுக்கே மெல்லிய விரிசல். நான் 5,000 ரூபாயை எடுத்தேன்.

"துட்டை வச்சு என்ன செய்ய? ஆம்ப்ளிபயர் செத்து இருவது வருஷமாச்சு. தட்டு இருக்கு, சத்தம் இல்ல. தட்டை நீங்களே வச்சுக்கிடுங்க. அதுல உள்ள பாட்டை மட்டும் எனக்குக் கொண்டாந்து குடுத்துருங்க."

"கொண்டாராம இருந்துட்டேன்னா, அண்ணாச்சி?"

"ஆத்துத் தண்ணி குடிச்சவுக அப்படிச் செய்ய மாட்டாக!"

திரும்பி வரும்போது ரயிலில், பிறந்த குழந்தையைப் போலத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். மேலதிகாரி பார்த்தார். கேட்டார். கண்ணை மூடிக்கொண்டார். "அந்தப் பத்துத் தட்டுப் பெட்டியை நீங்க எடுத்துக்குங்க. இதை எனக்குக் குடுங்க" என்றார். எனக்குக் கை துறுதுறுத்தது. பெரியவர் என்ன ஸ்டேஷனில் போய்ப் புகாரா கொடுக்கப் போகிறார்?

இரண்டு ஞாயிற்றுக்கிழமை போகாமல் இருந்துவிட்டேன். மூன்றாவது வாரம் ராத்திரித் தூக்கம் வரவில்லை. எழுந்து உட்கார்ந்து பாட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். விரிசலால் சுற்றுக்கு ஒரு 'டக்'. நிமிஷத்துக்கு 78 'டக்'. டாக்டர் நாடி பிடித்தால் வருகிற கணக்கு! பையன் உதவியோடு ஒவ்வொன்றாக நீக்கினேன். கண்ணாடி மாதிரி சுத்தமான பாட்டு. சின்ன ஸ்பீக்கர் ஒன்றும் வாங்கிக்கொண்டு, மறுபடி காருகுறிச்சி.

பெரியவர் காதைச் சாய்த்துக் கேட்டார். முகம் மலரவில்லை.

"எங்க தம்பி அந்த 'டக்'கு?"

"எடுத்துட்டேன் அண்ணாச்சி. சுத்தமா இருக்குல்லா?"

"யாரு எடுக்கச் சொன்னா?" என்றவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "1968-ல எனக்குக் கல்யாணம். ஊருக்கெல்லாம் தட்டுப் போட்டவன், என் கல்யாணத்துக்கும் நான்தான் போடணும். முள்ளை வச்சுட்டு மணவறைக்கு ஓடுதேன். வேட்டி தடுக்கி முந்தின நாளே தட்டு விழுந்து கீறிப் போச்சு. 'டக், டக்'னு அது அடிக்க, அந்தக் கணக்குக்குத்தான் மூணு முடிச்சும் போட்டேன்."

நல்லவேளை, நீக்காத பாட்டும் செல்போனில் இருந்தது. போட்டேன். உள்ளேயிருந்து அவர் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். காது சுத்தமாகக் கேட்காதாம். ஸ்பீக்கர் மேல் உள்ளங்கையை வைத்தார். ஏழெட்டு 'டக்' போயிருக்கும். கிழவி வெட்கப்பட்டுச் சிரித்ததை நான் பார்த்தேன். பெரியவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தட்டைத் திருப்பி நீட்டினேன். வாங்க மறுத்துவிட்டார். "பேரம் பேரந்தான்!"

மறுநாள் ஆபீஸில் 5,000 ரூபாயை மேஜைமேல் வைத்தேன். "தட்டு விற்பனைக்கு இல்ல சார்."

"பெட்டியோட இன்னொரு பெட்டியும் தர்றேன்!"

"வேண்டாம் சார். அந்தப் பாட்டு எங்க கேக்கணுமோ அங்கதான் கேக்கணும். வேணும்னா காருகுறிச்சிக்கு உங்களுக்கு ஒரு டிக்கெட் எடுத்துத் தாரேன்."

போன ஞாயிற்றுக்கிழமை பாசஞ்சரில் ஜன்னல் சீட்டு எனக்குக் கிடைக்கவில்லை. மேலதிகாரி உட்கார்ந்துகொண்டார். மடியில் அந்த ஜாஸ் பெட்டி.

"இது எதுக்கு சார்?"

"பெரியவருக்குப் போட்டுக் காட்டத்தான்! பந்திக்கு ஆகுமான்னு அவர்தானே சொல்லணும்?"