எங்க வீட்டு மூணு ஜாவா

(மூன்றாம் ஆண்டு, கம்ப்யூட்டர் பிரிவு)

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுடா என்று மலர்க் குழுவில் இருக்கும் நண்பன் கேட்டான். கவிதை எனக்கு வராது. நட்பு, அம்மா, காதல் மூன்றையும் மெக்கானிக்கல் நண்பர்கள் ஏற்கனவே எழுதிக் கொடுத்துவிட்டார்களாம்! அதனால் பிராஜெக்ட் ரிவியூவில் நான் அசிங்கப்பட்ட கதையை எழுதுகிறேன். ஜூனியர்களில் ஒருத்தராவது இதைப் படித்துத் தப்பித்தால் சந்தோஷம்.

எங்க ஊர் பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பம். பஸ் பிடித்துப் பொன்னேரி, அங்கிருந்து ரயில், அப்புறம் காலேஜ். எங்க வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான் தான். அப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். இந்தப் படிப்புக்காக அம்மாவின் கம்மல் அடகில் இருக்கிறது. இதைச் சொல்வது இரக்கத்துக்காக இல்லை நண்பர்களே, அந்த ராத்திரி நான் ஏன் அப்படிப் பயந்தேன் என்று உங்களுக்குப் புரியணும் என்பதற்காக.

பிராஜெக்ட் என்னவென்றால் இறால் கணக்கு. எங்க ஊரில் பலபேர் வியாபாரியிடம் முன்பணம் வாங்கித்தான் வலை எடுக்கிறார்கள். வாங்கினவர் பிடித்த இறாலை அந்த வியாபாரிக்கே கொடுக்கணும். எத்தனை கிலோ, என்ன விலை, எவ்வளவு கழித்தாச்சு... எல்லாம் அவர் நோட்டில் இருக்கும். அப்பா "சரிங்க" என்று சொல்லிவிட்டு வருவார். நம்ம பக்கமும் ஒரு கணக்கு இருக்கட்டும் என்று ஜாவாவில் ஒரு புரோகிராம் எழுதினேன். எடை, விலை போட்டால் பாக்கி பெரிய எழுத்தில் வரும்.

மடிக்கணினி எனக்குச் சொந்தமில்லை. எதிர்வீட்டு அக்காவுக்கு பிளஸ் டூவில் அரசாங்கம் கொடுத்தது, 2011-ல் ஆரம்பித்த இலவச மடிக்கணினித் திட்டத்தில். விண்டோஸோடு சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. என் கைக்கு வரும்போது விண்டோஸ் போய்ச் சேர்ந்திருந்தது. ஒரு சீனியர் அண்ணன் லுபுண்டு 22.04 போட்டுக் கொடுத்தார். நல்லாவே ஓடுகிறது, சார்ஜர் வயரை ஒரு மாதிரி மடித்துப் பிடிக்கணும், அவ்வளவுதான்.

இதில் மூன்று ஜாவா எதற்கு? ஆப்லெட் புரோகிராம் போட்டுப் பார்க்க 8 வேணும். ஆப்லெட்டை ஓட்டிக் காட்டும் ஆப்லெட்வியூவரை 11-ல் எடுத்துவிட்டார்கள். ரிவியூ நடக்கும் லேப் மெஷினில் இருப்பது 11, அதனால் பிராஜெக்ட்டுக்கு 11. பிறகு அப்பா, "இத போன்ல பாக்க முடியாதா?" என்று கேட்டார். ஆண்ட்ராய்டு பில்ட் செய்யும் கருவி 2023-ல் வந்த 8-வது பதிப்பிலிருந்து ஜாவா 17 இல்லாமல் நகராது. ரிவியூவுக்கு மூன்று நாள் முன்னால் 17-ஐ இறக்கினேன். வினை அங்கே தான் ஆரம்பித்தது.

ரிவியூ அன்றைக்கு லேப்பில் பென்டிரைவைச் சொருகி ஓட்டினால், என் புரோகிராம் திறக்கவே இல்லை. சிவப்பாக நாலு வரி. உன் கிளாஸ் ஃபைல் 61.0, எனக்கு 55.0 வரைக்கும் தான் படிக்கத் தெரியும் என்று அர்த்தம். 61 என்றால் ஜாவா 17, 55 என்றால் 11, 52 என்றால் 8. அன்றைக்கு எனக்கு இது தெரியாது. "வீட்ல ஓடுச்சு சார்" என்றேன். பின்பெஞ்சில் சிரிப்பு. சார் திட்டவில்லை. "எல்லார் வீட்லயும் ஓடும்ப்பா. நாளன்னைக்குக் கொண்டு வா" என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

நான் 17-ஐ இறக்கினேனே தவிர, அதற்கு மாற்றவில்லையே? இந்த விஷயத்தை நம்ம ஏரியை வைத்துச் சொன்னால் சுலபம். பழவேற்காட்டில் பாடு என்று ஒரு முறை உண்டு. பாட்டு உரிமை உள்ள குப்பங்களில், குறிப்பிட்ட இடத்தில் இன்றைக்கு யாருக்கு முறையோ அவர் தான் வலை கட்டலாம். மற்றவர் வலை கரையில் காயும். லினக்ஸில் 'ஜாவா' என்ற பெயர் அந்த இடம் மாதிரி. அது புரோகிராம் இல்லை, வெறும் சுட்டி. அது 'ஆல்டர்நேட்டிவ்ஸ்' என்ற ஃபோல்டருக்குக் கை காட்டும். அங்கே உள்ள இன்னொரு சுட்டி, உண்மையான 8-ஐயோ 11-ஐயோ 17-ஐயோ காட்டும். மூன்றும் 'ஜேவிஎம்' ஃபோல்டரில் தனித்தனியாகக் கிடக்கும், ஒன்றை ஒன்று தொடாது.

பாட்டில் முறை உண்டு. இங்கே 'ஆட்டோ'வில் விட்டால் முறை கிறை எதுவும் கிடையாது, நம்பர் பெரிசாக இருக்கிறவனுக்கே இடம்! 8-க்கு 1081, 11-க்கு 1111, 17-க்கு 1711. 17 உள்ளே வந்த நிமிஷமே இடத்தைப் பிடித்துக்கொண்டது. எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்கும், திரையில் வேகமாக ஓடின வரிகளில், யார் படிக்கிறார்கள்?

அன்று ராத்திரி சீனியர் அண்ணனுக்குப் போன் போட்டேன். "அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ், கான்ஃபிக், ஜாவா"ன்னு அடி, பட்டியல் வரும், நம்பர் கொடு என்றார். கொடுத்தேன். வெர்ஷன் கேட்டால் 11 என்றது. அப்பாடா என்று கம்பைல் செய்து ஓட்டினால்... அதே 61, அதே 55. இப்போ என் வீட்டிலேயே ஓடவில்லை!

மணி பன்னிரண்டு. அண்ணன் போன் சுவிட்ச் ஆஃப். கோபத்தில் 17-ஐயே அழித்துவிடலாம் என்று ரிமூவ் கட்டளை கொடுத்தேன். நிச்சயமா என்று கேட்டு நின்றது. திரும்ப வேணுமென்றால் நூறு எம்.பி.க்கு மேல் இறக்கணும், வீட்டில் இருப்பது ஒரே போன், அன்றைய டேட்டா தீர்ந்தாச்சு.

அப்பா வாசலில் நண்டு வலைக்குக் கண்ணி போட்டுக்கொண்டிருந்தார். "இன்னாடா, தூங்கல?" என்றார். புதுசு வந்து பழசைக் கெடுத்திடுச்சுப்பா, எடுத்துத் தூக்கிப் போடப் போறேன் என்றேன்.

"கெடுத்திடுச்சா, நீ மாத்தி எடுத்துட்டியா?" என்றார். "இறாலுக்குப் போறப்போ நண்டு வலைய ஏத்திட்டா, வலையையா எரிப்பாங்க?"

அவருக்கு ஜாவா தெரியாது. ஆனாலும் 'வேண்டாம்' என்று அடித்துவிட்டு, அந்தக் கட்டளையின் மேன் பக்கத்தைத் திறந்தேன். அதற்கு நெட் வேண்டாம். எழுத்துக் கூட்டிப் படித்ததில் விளங்கியது: ஒவ்வொரு பெயருக்கும் தனிச் சுட்டி. ஓட்டுகிற 'ஜாவா'வை நான் 11-க்கு மாற்றினேன், கம்பைல் செய்கிற 'ஜாவாசி' இன்னும் 17-லேயே உட்கார்ந்திருக்கிறது. எழுதுவது 17, படிப்பது 11. எப்படி ஒத்துப்போகும்? ஜாவாசியையும் மாற்றினேன். ஓடியது!

அதோடு முடியவில்லை. ஜார் ஃபைல் கட்ட ஆன்ட் கொடுத்தால் மறுபடியும் 61. ஆன்ட் முதலில் பார்ப்பது ஜாவா ஹோம் என்ற மாறியை. ஆண்ட்ராய்டுக்காக நானே அதில் 17-ன் பாதையை பாஷ்ஆர்சி ஃபைலில் எழுதி வைத்திருந்தேன். மற்றவர் செய்த தப்பு என்றால் திட்டலாம், இது நான் செய்தது. அந்த வரியை மாற்றி, புது டெர்மினல் திறந்து, பழைய கிளாஸ் ஃபைல்களை ஒன்று விடாமல் அழித்து, மறுபடி கட்டினேன். அதற்குள் அப்பா ஏரிக்குக் கிளம்பிவிட்டார்.

அப்புறம் அண்ணன் சொல்லிக் கொடுத்தது: 'அப்டேட்-ஜாவா-ஆல்டர்நேட்டிவ்ஸ்' என்று தனியாக ஒன்று இருக்கிறது, ஜாவா, ஜாவாசி, ஜார் எல்லாவற்றையும் ஒரே அடியில் மாற்றும். பிளக்-இன் இல்லை என்று ஒன்றிரண்டு எச்சரிக்கை காட்டினால் பயப்பட வேண்டாம். ஜாவா ஹோமை மட்டும் அது தொடாது, அதை நாம் தான் பார்க்கணும். இல்லை, நான் 17-லேயே இருப்பேன் என்றால் ஜாவாசிக்கு 'ரிலீஸ் 11' என்று சேர்த்துக் கொடுக்கலாம், 11 படிக்கிற மாதிரியே எழுதித் தரும். எனக்கு இது தான் ரொம்பப் பிடித்தது. முன்னாடியே தெரிந்திருந்தால் அந்தச் சிரிப்பைக் கேட்டிருக்க வேண்டாம்.

ரிவியூவில் சார் எடைக்கு 12.5 என்று போட்டுப் பார்த்தார், பாக்கி சரியாக வந்தது. மைனஸ் எடை போட்டார், அதையும் வாங்கிக்கொண்டது! அதைத் திருத்தச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

இப்போது போனில் வரும்படி செய்துகொண்டிருக்கிறேன், ஆகவே 17-ல் இருக்கிறது. வைவாவுக்கு முந்தின நாள் 11-க்குத் திருப்பணும், ஜாவா ஹோமும் சேர்த்து. மறக்காமல் இருக்க மடிக்கணினி மூடியில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன். அக்காவின் மடிக்கணினியை அழுக்காக்கிட்டான் என்று அம்மா அதைத் துடைக்காமல் இருக்கணும்!