இரண்டு வாளி

மேற்குத் தாம்பரத்தில் தண்ணீர் கொதிக்கிற பாத்திரத்தில் வெள்ளையாய் ஒரு காரை படியும். பல்லாவரத்திலிருந்து இந்தப் பக்கம் அடியில் சார்னோகைட் பாறை. அதன் பிளவுகளில் ஊறியதைத்தான் ஆழ்குழாய் மேலே கொண்டுவருகிறது. கப்பி மீன் இந்தக் கடின நீரில் தாராளமாகப் பெருகும். எனக்கு நியான் டெட்ரா வேண்டியிருந்தது. அமேசான் படுகையின் மென்னீர் ஓடைகளுக்கு உரிய இனம்.

ஆர்.ஓ. தண்ணீர் பிடித்தேன். நாட்டு வாதுமைச் சருகு போட்டேன். ஒரு குடம் நல்ல நீருக்கு மூன்று குடம் சாக்கடைக்குப் போயிற்று. தூய கவிதை பற்றி நாங்கள் பேசிய மாலைகளில் அந்த மூன்று குடங்களைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

2019 கோடையில் பூண்டி, செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகளில் தரை தெரிந்தது. தெருவில் குடங்கள் வரிசையாக நிற்கையில் மீனுக்கு நீர் மாற்றுவது அசிங்கமாகப் பட்டது. ஆறு வாரம் மாற்றவில்லை. மீன்கள் பாட்டுக்கு நீந்திக்கொண்டிருந்தன. எதிர்வீட்டு அம்மாளின் பேரன் தினமும் வந்து எண்ணுவான். 14.

மீன் கழிக்கும் அம்மோனியாவை பாக்டீரியா நைட்ரைட்டாக்கும், பிறகு நைட்ரேட்டாக்கும். அப்போது அமிலம் பிறக்கிறது. அதைத் தாங்கிக்கொள்வது நீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட். நான் சிரமப்பட்டுக் களைந்தது அதைத்தான். பி.எச். 6-க்குக் கீழே இறங்க, பாக்டீரியா அநேகமாக வேலையை நிறுத்திவிட்டது. அம்மோனியா சேர்ந்தது, ஆனால் அமில நீரில் அது அம்மோனியமாக, அவ்வளவாகக் கொல்லாத உருவில் அடங்கிக் கிடக்கும். மீன்கள் பிழைத்திருந்தது இந்தத் தயவில். எனக்கு இது அப்போது தெரியாது.

ஒரு சனிக்கிழமை இரவு பரிசோதனைச் சொட்டு மஞ்சளாயிற்று. அன்று லாரி வந்திருந்தது, ஏதோ வயல் கிணற்றுத் தண்ணீர். எங்கள் பங்கு தீர்ந்துவிட்டது. எதிர்வீட்டு அம்மாள் தன் பங்கிலிருந்து இரண்டு வாளி கொண்டுவந்து வைத்தார். "வாயில்லா ஜீவன், ஊத்துங்க சார்." தொட்டியிலிருந்து இரண்டு வாளி இறைத்துவிட்டு அதை ஊற்றினேன்.

பி.எச். ஓர் எண் ஏறினால் நச்சு அம்மோனியாவின் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகும். அந்தக் கடின நீர் ஒரே மூச்சில் 6-ஐ 8-க்குப் பக்கத்தில் கொண்டுபோயிருக்க வேண்டும். முதலில் மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. புது நீர் வந்த சந்தோஷம் என்று நினைத்தேன். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன்.

காலையில் ஒன்றும் மிஞ்சவில்லை. தொட்டியின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினேன்.

வாளிகளை வாங்க அம்மாள் வந்தார். "மீனுங்க தேவலையா சார்?"

தேவலை என்றேன். இறைத்து வைத்திருந்த பழைய நீரைத் தன் கறிவேப்பிலைக்குக் கேட்டார். அதில் இருந்தது அம்மோனியம், செடிக்கு நல்லது. அவர் வாளிகளிலேயே ஊற்றிக் கொடுத்தேன். பேரன் பின்னால் நின்று துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.