வெடித்தது புது டயர்!

"ஆறுல ஒண்ணு போனாலும் அஞ்சு இருக்குது கண்ணு!" - டயரைப் பற்றி எப்போது கேட்டாலும் அப்பா இதைத்தான் சொல்வார்.

சென்னிமலை பெட்ஷீட் பண்டல்களை ஏற்றிக்கொண்டு ஓடுவது அவருடைய டாடா 407. 1986-ல் அறிமுகமான மாடல். முன்னால் இரண்டு, பின்னால் பக்கத்துக்கு இரண்டாக நான்கு டயர்.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது, பெருந்துறை லோடில் நானும் தொற்றிக்கொண்டேன். (டெஸ்க்கிலேயே உட்கார்ந்திருப்பவளுக்கு அதுவே டூர்தான்!) ஈங்கூர் தாண்டியதும் 'டமார்'. வண்டி இடதுபக்கம் இழுத்தது. அப்பா பிரேக்கை மிதிக்கவில்லை. ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்து, வேகம் தானாகக் குறைந்த பிறகே ஓரங்கட்டினார். எங்களுக்குப் பின்னால் ஒரு பைக் வந்துகொண்டிருந்தது. டேங்க் மேல் ஒரு குழந்தை. டயர் துண்டு அவர்கள் மேல் படாதது முருகன் புண்ணியம். அப்பாவின் கை நடுங்கி அன்றுதான் பார்த்தேன்.

இறங்கிப் பார்த்தால், வெடித்தது மொட்டை டயர் இல்லை. மூன்று மாதம் முன்பு வாங்கிய புது டயர்!

"ஏமாத்திப்போட்டானுங்க" என்று அப்பா புலம்ப, பஞ்சர் கடை அண்ணன் பேசாமல் டேப்பை எடுத்து, வலதுபக்கம் இருந்த ஜோடியின் சுற்றளவை அளந்தார். அங்கேயும் ஒன்று புதுசு, ஒன்று பழசு. வித்தியாசம் ஒன்றரை இஞ்ச்!

"முக்கால் இஞ்ச்சுக்கு மேல போகக்கூடாதுங்ணா. ரெண்டும் ஒண்ணாத்தான சுத்துது? பெரிய டயர் மொத்த லோடையும் தூக்கிச் சூடாகுது. சின்னது சும்மா ரோட்டுல தேயுது. புதுசு ரெண்டையும் முன்னாடி மாட்டிப்போட்டு, முன்னாடி ஓடுனதை ஜோடியா பின்னாடி ஒரே பக்கம் போட்டிருக்கோணும்."

ஆறையும் கழற்றி மாட்டினால் ஒரு நடை வாடகை போய்விடும் என்று அப்பா விட்டிருக்கிறார். உள் டயரில் காற்று இருக்கிறதா என்று ராடால் தட்டிப் பார்ப்பதோடு சரி. அதுமட்டுமல்ல, நான்கு டயருக்கு வைத்திருந்த பணத்தில்தான் இரண்டு வாங்கினார். மீதியில் வந்தது, இதை டைப் செய்துகொண்டிருக்கும் என் லேப்டாப். அம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும்.

இப்போது மூன்று டயர் அவர் வாங்கினார், ஒன்று நான். போன ஞாயிறு டயர்களை இடம் மாற்றி, வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பியிருந்தார். உடனே போன் போட்டேன்.

"அப்பா, 80 கிலோமீட்டர் ஓட்டிட்டு நட்டை மறுபடி முறுக்கச் சொன்னாங்களே, முறுக்குனீங்களா?"

"இனிமேத்தான் கண்ணு..."