கற்றாழையும் பொறுமையும்

அரபு மொழியில் பொறுமைக்கு ‘ஸப்ர்’ என்று பெயர். கற்றாழைக்கும் அதன் கசப்புச் சாற்றுக்கும் ‘ஸபிர்’ என்று பெயர். ஸாத், பா, ரா என்னும் மூன்று எழுத்துகளே இரண்டுக்கும் வேர். மதரஸாவில் சொல்லிலக்கணம் கற்பிக்கும்போது இவ்விரு சொற்களையும் அருகருகே எழுதிக் காட்டுவது நம் வழக்கம். பொறுமையும் கசக்கும், கற்றாழையும் கசக்கும். அதனால் பெயர் பொருந்திற்று என்று மாணவர்கள் சொல்லி மகிழ்வார்கள். இவ்வொப்புமை கசப்போடு முடிந்துவிடவில்லை என்பதைப் பொம்மையார்பாளையத்தில் குடியிருக்கும் இவ்வாண்டுகளில் கண்டுகொண்டோம். கற்றாழையை வளர்ப்பவருக்கு முதலில் வேண்டிய பண்பும் பொறுமையே. தண்ணீர்ச் செம்பைக் கையில் எடுத்த பின்னும் ஊற்றாமல் திரும்புகிற பொறுமை அது.

நாட்டு மருந்துக் கடையில் மூசாம்பரம் அல்லது கரியபோளம் என்று கேட்டால் கருநிறக் கட்டியொன்றைத் தருவார்கள். கற்றாழை மடலின் தோலுக்கடியில் சுரக்கும் மஞ்சட்பாலை இறுக்கி எடுத்தது அது. மூசாம்பரம் என்பது ‘முஸப்பர்’ என்னும் சொல்லின் தமிழ் வடிவம். அதுவும் அதே அரபு வேரிலிருந்து கிளைத்ததே. சரக்கோடு அதன் பெயரும் பயணம் செய்து நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. நம் வீடுகளில் வளரும் சோற்றுக் கற்றாழையின் தாயகம் அரபுத் தீபகற்பமே என்று தாவர ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மழை அரிதாகப் பெய்து, பெய்த நீரும் கல்லிடுக்கு வழியே விரைந்து வடிந்துவிடும் நிலம் அது.

அந்நிலத்துக்கேற்ற உடலமைப்பே கற்றாழைக்கு வாய்த்திருக்கிறது. கிடைத்த நீரை மடலுக்குள் சேமித்து வைத்துக்கொள்கிறது. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றை வாங்கும். கற்றாழையோ வெயில் தணிந்த பின் இரவில் திறக்கும். அதனால் நீர் ஆவியாகிப் போவது மிகக் குறைவு. கடைவாசல்களில் வேரோடு கட்டித் தொங்கவிடப்பட்ட கற்றாழை, மண்ணும் நீருமின்றிப் பல மாதம் உயிரோடிருப்பதை யாவரும் பார்த்திருப்போம். அதே செடி, நாள்தோறும் நீரூற்றிப் பேணப்படும் தொட்டியில் சில வாரங்களிலேயே கூழாகிவிடுவதும் உண்டு. இந்த முரணை விளங்கிக்கொண்டால் நோயும் விளங்கும், மருந்தும் விளங்கும்.

வேரின் தொழில் நீரை உறிஞ்சுவதோடு முடிவதில்லை. அது மூச்சும் விடுகிறது. மண் துகள்களின் இடைவெளியில் தங்கியிருக்கும் காற்றே அதன் மூச்சுக்கு ஆதாரம். அவ்விடைவெளி முழுவதும் நீர் நிரம்பி நாட்கணக்கில் நின்றால் வேர் திணறி மடிகிறது. மடிந்த வேரில் பித்தியம் போன்ற பூசண வகைகளும் அழுகற் கிருமிகளும் குடியேறுகின்றன. வேர் கெட்டபின் தொட்டியில் எவ்வளவு நீர் நின்றாலும் செடிக்கு அது பயன்படுவதில்லை. மடல் துவள்கிறது. துவண்ட மடலைக் கண்டவர் தாகம் என்றெண்ணி இன்னும் ஊற்றுகிறார். நோய்க்குக் காரணமானதே மருந்தாகப் புகட்டப்படுகிறது.

நம் ஊர் புதுச்சேரிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ளது. கிழக்கே கடல், மேற்கே மழைநீர் அரித்த பள்ளங்களோடு கூடிய செம்மண் மேடு, சாலை வழியே இன்னும் வடக்கே சென்றால் மரக்காணத்து உப்பளங்கள். ஆண்டு மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்ந்துவிடும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது, புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் அதிகமான மழை பெய்தது.

அம்மழை ஓய்ந்து பத்துப் பன்னிரண்டு நாள் சென்றிருக்கும். அடுத்த வீட்டு அம்மையார் ஒரு பழைய பெயிண்ட் வாளியைத் தூக்கிக்கொண்டு நம் வாசலுக்கு வந்தார். அதில் ஒரு கற்றாழை. “பாய், இது எங்கம்மா வச்ச செடி. மரக்காணத்துல உப்பு வாரிட்டு வந்தா, வெடிச்ச காலுக்கு இதைத்தான் தடவும். தெனமும் தண்ணி ஊத்திக்கினுதான் இருக்கேன், அப்பவும் தொவண்டு போவுது” என்றார். அவர் தாயார் மறைந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. தாய் வீடும் இன்று இல்லை. தாயின் கைபட்டதாக அவரிடம் எஞ்சியிருப்பது இச்செடி ஒன்றுதான்.

“அக்கா, இன்றைக்குத் தண்ணீர் வேண்டாம், முதலில் பார்ப்போம்” என்று வாங்கி வைத்தோம். கற்றாழை துவள்வதற்குக் காரணம் ஒன்றன்று. தாகத்தால் துவண்ட மடல் மெலிந்து, ஓரம் உள்மடிந்து, சுருக்கம் விழுந்திருக்கும். அழுத்தினால் நெகிழுமே தவிரக் குழையாது. வெளிச்சம் போதாத செடியின் மடல் வெளிறி, நீண்டு, தன் பாரம் தாங்காமல் சாயும். உப்பு மிகுந்த நீரால் கெட்டதாயின் நுனி கருகிக் காயும். மண்ணின் மேலும் தொட்டி விளிம்பிலும் வெண்பூப் படியும். இச்செடியிலோ அடிமடல்கள் பழுப்பேறி, உள்ளே நீர் தேங்கியது போலக் கண்ணாடித்தன்மை பெற்று, தொட்ட இடத்தில் குழைந்தன. மண்ணில் இரண்டு அங்குலம் விரலை நுழைத்தோம், சேறாக இருந்தது. முகர்ந்தால் அழுகல் வாடை. வாளியைக் கவிழ்த்துப் பார்த்தோம். அடியில் துளையே இல்லை. புயல் மழையில் நிரம்பிய நீர் வெளியேற வழியின்றி நிற்க, அதன் மேல் அன்றாடம் ஊற்றியதும் சேர்ந்திருக்கிறது.

செடியைப் பெயர்த்தெடுத்து வேரை அலசினோம். நல்ல வேர் வெளிறிய நிறத்தில் உறுதியாக இருக்கும். கெட்ட வேர் கறுத்து, இழுத்தால் தோல் கழன்றுவரும். நல்ல வேர் ஒன்றும் அத்தாய்ச் செடியில் இல்லை. தண்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்ததில் நடுவரை பழுப்பு ஏறியிருந்தது. அதைக் காப்பாற்ற இயலாது என்பதை அவரிடம் மறைக்காமல் சொன்னோம். ஆனால் அடியில் மூன்று பக்கக் கன்றுகள் ஒட்டியிருந்தன. அவற்றைச் சுத்தமான கத்தியால் பிரித்து, கறுத்த பகுதிகளை அறவே நீக்கி, நிழலில் காற்றோட்டமாக நான்கு நாள் வைத்தோம். வெட்டுவாய் உலர்ந்து தோல் கட்டும்வரை மண்ணைக் காட்டலாகாது. ஈரப்புண்ணோடு நட்டால் அழுகல் மீண்டும் தொற்றும்.

பிறகு, அடியில் துளையுள்ள சிறு மண்சட்டிகளை எடுத்துக்கொண்டோம். கழுவிய கரடுமணல் இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, உடைத்த செங்கல் துண்டு ஒரு பங்கு, மட்கிய எரு ஒரு பிடி எனக் கலந்து, உலர்ந்த கலவையில் கன்றுகளை நட்டு, ஒரு வாரம் வரை நீர் காட்டாதிருந்தோம். கடற்கரை மணல் அருகில் கிடைக்கிறதே என்று அதை அள்ளிவருதல் கூடாது; அதிலுள்ள உப்பு இளவேரைக் கெடுக்கும். அடியில் கூழாங்கல் பரப்பினால் துளை வேண்டியதில்லை என்று சிலர் எண்ணுகிறார்கள், அதுவும் பிழை. நீர் கல்லுக்கிடையில் தேங்குமே தவிர வெளியேறாது.

மூன்றில் ஒரு கன்று பட்டுப்போயிற்று. இரண்டு பிழைத்தன. பங்குனி வெயிலில் புது மடல் விட்டபோது, “பாய், அம்மா செடி போயிருச்சி, இது வேற செடிதானே?” என்று அவர் கேட்டார். “இல்லை அக்கா. விதையில் பிறந்திருந்தால் வேறு என்று சொல்லலாம். இது அந்த உடம்பின் கூறு, உங்கள் தாயார் நட்ட அதே செடிதான்” என்றோம். ஆறுதலுக்காகச் சொன்ன சொல்லன்று. தாவர நூல் சொல்லும் உண்மையே அது.

வீட்டில் கற்றாழை வைத்திருப்போர் மனங்கொள்ள வேண்டியவை சிலவே. நாள் கணக்குப் பார்த்து நீரூற்ற வேண்டாம். விரலை நுழைத்து, மண் அடிவரை உலர்ந்தபின் நன்றாக ஊற்றி, மிகுதி வடியவிடுங்கள். தொட்டியைத் தூக்கிப் பார்த்தாலே கனம் சொல்லிவிடும். அடித்தட்டில் தேங்கிய நீரைக் கொட்டிவிடுங்கள். ஐப்பசி பிறக்கும் முன்பே தொட்டியை வெளிச்சமுள்ள தாழ்வாரத்துக்கு மாற்றிவிடுங்கள். மடலை அறுத்துப் பூசும்போது மஞ்சட்பாலை வடியவிட்டுக் கழுவுங்கள். அது கடும் பேதி மருந்து, கருவுற்ற பெண்கள் உட்கொள்ளவே கூடாது.

உப்பளத்தைப் பற்றி அவ்வம்மையார் ஒருநாள் சொன்னது நம் பாடத்திலும் இடம்பெற்றுவிட்டது. “பாத்திக்குத் தண்ணி விட எல்லாருக்கும் தெரியும், பாய். எப்ப மடைய அடைக்கணும்னு தெரிஞ்சவந்தான் உப்பு எடுப்பான்” என்று தாயார் சொல்வாராம். மடையை அடைத்தபின் மனிதன் செய்வதற்கு அதிகமில்லை. வெயில் தன் வேலையைச் செய்யும்வரை காத்திருக்க வேண்டும். ஸப்ர் என்னும் சொல்லுக்கு, தன்னைத் தடுத்து நிறுத்திக்கொள்ளுதல் என்றே அரபு அகராதிகள் முதற்பொருள் கூறுகின்றன.