எச்சம் மாதிரி ஒன்று

உங்கள் வீட்டுக் கறிவேப்பிலைச் செடியில், இலை மேல் காக்கா எச்சம் மாதிரி ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா? அவசரப்பட்டுத் தட்டிவிடாதீர்கள். நான் அவசரப்பட்டவன்.

சுத்துக்கேணியில் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் ஒரு கறிவேப்பிலை உண்டு. ஒரு மழைக்காலத்தில் அது தளதளவென்று துளிர்க்க, பச்சைப் புழுக்கள் வந்து கொழுந்தை மொட்டையடித்துவிட்டன. குச்சியால் தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரட்டைக் கொம்பை நீட்டி நாற்றம் வேறு விட்டன. ‘எங்கிட்டயேவா?’ என்று பூச்சிமருந்து வாங்கிவந்து அடித்தேன். மறுநாள் பத்துப் பதினைந்து கீழே கிடந்தன. கூட்டித் தள்ளினேன். (மருந்தடித்த இலையை யார் ரசத்தில் போடுவது என்று மனைவி சண்டை பிடித்தது தனிக்கதை.)

அப்புறம்தான் மகளோடு ஸ்ரீரங்கம் போனேன். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, 25 ஏக்கரில் வனத்துறையின் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா. 2015-ல் திறந்தது. நான் பூவைத் தேடினேன். அங்கே பூச்செடிக்குச் சமமாகப் புழு தின்னும் செடியையும் வளர்க்கிறார்கள். பட்டாம்பூச்சி பலவகைப் பூவிலும் தேன் குடிக்கும். அதன் பிள்ளை அப்படியில்லை. வெந்தய வரியனின் புழுவுக்கு எருக்கு. சிவப்புடல் அழகனின் புழுவுக்கு ஆடுகூடத் தொடாத ஆடுதின்னாப்பாளை. அந்த இலையின் நஞ்சு உடம்பில் ஏறுவதால் பறவைகள் அதைத் தொடுவதில்லை.

மகள் புத்தகத்தைப் புரட்டி ஒரு படத்தைக் காட்டினாள். சின்ன வயதில் எச்சம் மாதிரி, வளர்ந்ததும் பச்சை, சிவப்புக் கொம்பு. பெயர், கறிவேப்பிலை அழகி. இதில் சில பெண் பூச்சிகள், பறவையை ஏமாற்ற அந்த நஞ்சுக்காரனைப் போலவே வேஷம் போடுமாம்.

“அப்பா, இது நம்ம வீட்ல இருந்துச்சுல்ல?”

“இருந்துச்சு” என்றேன்.

2020-லிருந்து செப்டம்பர்தோறும் நாடு முழுக்கப் பட்டாம்பூச்சி எண்ணுகிறார்கள். எங்கள் தெருப் பசங்களும் நோட்டும் கையுமாகக் கோயில் நந்தவனத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள். போன வருஷம் அங்கே தாத்தா ஒருவர் எருக்கை வெட்டிக்கொண்டிருந்தார்.

“செவந்தி வெச்சாலும் சாமிக்கு ஆவும். எருக்கு எதுக்குக் கண்ணு?”

“புழுவுக்குத் தாத்தா!”

தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் ஓரமாக ரெண்டு செடியை விட்டுவைத்தார்.

எங்கள் கறிவேப்பிலை இப்போதும் மொட்டையாகத்தான் நிற்கிறது. ரசத்துக்குக் கடையில் வாங்குகிறோம்.