அது மட்டும் வேணாம்

திண்டிவனத்தில் இப்போது இருக்கும் வாடகை வீட்டைப் பேசி முடித்த அன்று, வீட்டுக்கார அம்மா ஒரே ஒரு நிபந்தனை சொன்னார். "ஆடு, கோழி, மீனு எது வேணா செஞ்சுக்குங்க. அது மட்டும் வேணாம்." எது என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே புரிந்துகொண்டேன். "சரிங்கக்கா" என்று முன்பணத்தைக் கொடுத்தேன்.

விழுப்புரத்தை ஒட்டிய எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமை என்றால் பன்றிக்கறி. ஆட்டுக்கறி வாங்கக் கட்டுப்படியாகாத வருடங்களில் எங்களை வளர்த்தது அதுதான். கரும்பு வெட்டிவிட்டு வரும் அம்மா, வாசலில் மூன்று கல்லைக் கூட்டி, அதற்கென்றே வைத்திருக்கும் சட்டியை ஏற்றுவார். பள்ளியில் யாராவது கேட்டால் "மட்டன்" என்பேன். கல்லூரி விடுதியில் படித்தபோது ஒருநாள் அம்மா தூக்கில் கறிக்குழம்பு கொண்டுவந்தார். அறைத்தோழிகள் பார்த்துவிடுவார்கள் என்று திறக்காமலே திருப்பி அனுப்பினேன். இரண்டு பஸ் மாறி வந்தவர், ஒன்றும் கேட்காமல் அதே தூக்கோடு போனார்.

போன மாதம் என் மகள் ஒரு வீடியோவைக் காட்டினாள். மெக்சிகோவின் யுகாத்தான் பகுதிச் சமையல், பெயர் 'கொச்சினிட்டா பிபில்'. பன்றிக்கறியை மசாலாவில் ஊறவைத்து, வாழை இலையில் சுற்றி, மண்ணில் குழி வெட்டிச் சூடேற்றிய அடுப்பில் மணிக்கணக்காக வேகவைக்கிறார்கள். 'பிப்' என்றால் மாயா மொழியில் அந்தக் குழியடுப்பு. பன்றி அங்கே போனது 16ஆம் நூற்றாண்டில், ஸ்பானியர்களோடு. அதற்கு முன் காட்டு விலங்குகளை அப்படிச் சமைத்தவர்கள், புதிய கறியையும் தங்கள் குழிக்குள் இறக்கிக்கொண்டார்கள். வெந்த கறியைப் பிய்த்துச் சோள ரொட்டியில் வைத்து மடித்தால் டாக்கோ.

"ஆயாவை வரச் சொல்லும்மா, செய்யலாம்" என்றாள் மகள்.

அம்மா விழுப்புரத்திலிருந்து இரண்டு கிலோ தோள்கறியும், காய்ந்த மக்காச்சோளமும் கொண்டுவந்தார். வீட்டுக்காரர் போட்ட நிபந்தனையை அவரிடம் நான் சொல்லவில்லை.

அவர்கள் நிறத்துக்குப் போடும் சிவப்பு விதை எங்களுக்குக் கிடைக்கவில்லை; காஷ்மீரி மிளகாய்த்தூள் போட்டோம். புளிப்பு ஆரஞ்சுக்குப் பதில் சாத்துக்குடியும் எலுமிச்சையும். பூண்டு, சீரகம், மிளகு, கிராம்பு, உப்பு அரைத்துத் தடவி ஓர் இரவு ஊறவைத்தோம். வாட்டிய வாழை இலையில் பொதிந்து, அடிகனமான பாத்திரத்தில் வைத்து, மூடியைச் சுற்றி மாவு பூசி, சிறுதீயில் நான்கு மணி நேரம். கிளற வேண்டியதில்லை. அடுப்பு எரிய, அம்மா காலை நீட்டி உட்கார்ந்திருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

ரொட்டிக்குச் சோளத்தைச் சுண்ணாம்பு போட்டு வேகவைத்து, இரவெல்லாம் ஊறவிட்டு, தோல் போகத் தேய்த்துக் கழுவி அரைக்க வேண்டும். சுண்ணாம்பு அம்மாவின் வெற்றிலைப் பையிலிருந்தே வந்தது. சோளத்தில் அடைபட்டுக் கிடக்கும் நியாசின் சத்தை விடுவிப்பது அந்தச் சுண்ணாம்புதான். மெக்சிகோப் பெண்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் செய்துவருவது இது. ஐரோப்பியர்கள் சோளத்தை எடுத்துப்போனார்கள், இந்தப் பக்குவத்தை விட்டுவிட்டார்கள். சோளத்தையே நம்பியிருந்த ஏழைகளுக்குப் பெலாக்ரா வந்தது. தோல் வெடித்து, வயிறு கெட்டு, புத்தி பேதலித்துச் செத்தார்கள். அடுப்படி அறிவை அறிவென்று மதிக்காததற்கு உயிரை விலையாகக் கொடுத்தவர்களும் ஏழைகளே.

மூடியைத் திறந்ததும் மணம் மாடிப்படி வரை போயிருக்க வேண்டும். வாசலில் வீட்டுக்கார அம்மா.

"என்னங்க செய்றீங்க, வாசனை ஆளத் தூக்குது?"

"டாக்கோஸ், ஆன்ட்டி" என்றாள் மகள். "மெக்சிகோ ஐட்டம்."

எனக்கு மூச்சு வந்தது. வந்த மறுநொடியே கூசியது. பள்ளியில் சொன்ன 'மட்டன்' இன்று 'மெக்சிகோ' ஆகியிருக்கிறது. அவ்வளவுதான் நான் வளர்ந்தது.

அதற்குள் அம்மா உள்ளிருந்து குரல் கொடுத்தார். "பன்னிக்கறிங்க. வந்து ஒரு வாய் சாப்பிடுங்க."

வீட்டுக்கார அம்மா என்னைப் பார்த்தார். நான் தலைகுனியவில்லை. "ஆமாங்கக்கா" என்றேன். ஒன்றும் பேசாமல் இறங்கிப் போனார்.

அப்புறம்தான் அம்மாவிடம் நிபந்தனையைச் சொன்னேன். எலுமிச்சையில் ஊறிய வெங்காயத்தை ரொட்டியில் வைத்தபடி அவர் கேட்டார்: "அன்னிக்கு ஆஸ்டல்லயும் இதான் பயமா?"

பதினெட்டு வருடம் கழித்து அந்தத் தூக்கைப் பற்றி நாங்கள் பேசியது அப்போதுதான். நான் அழுதேன். அம்மா மூன்று ரொட்டி சாப்பிட்டுவிட்டு, "காரம் பத்தல" என்றார்.

வீட்டைக் காலி செய்யச் சொல்லி இன்னும் யாரும் வரவில்லை, வரலாம். அடுத்த வீடு பார்க்கப் போகும்போதும் யாராவது 'அது மட்டும் வேணாம்' என்பார்கள். எது என்று கேட்பேன். அவர்கள் வாயாலேயே சொல்லட்டும்.