உம்மாவின் நாஜித்

தஜ்வீத் நூல்கள் மனிதனின் 32 பற்களையும் வகை பிரித்துப் பெயரிட்டிருக்கின்றன. அவற்றுள் கோடியில் நிற்கும் நான்குக்கு நவாஜித் என்று பெயர், ஒருமையில் நாஜித். நாம் ஞானப்பல் என்கிறோம். நபி (ஸல்) அவர்கள் தம் சுன்னத்தையும் நேர்வழி பெற்ற கலீஃபாக்களின் சுன்னத்தையும் இப்பற்களால் கவ்விப் பிடித்துக்கொள்ளுமாறு அறிவுறுத்தியதை அபூதாவூத், திர்மிதீ நூல்களில் காண்கிறோம்.

எங்கள் உம்மாவுக்கு இடப்புற மேல்தாடையில் எஞ்சியிருந்த கடைவாய்ப் பல் அந்த ஒன்றுதான். முன்னிருந்த இரண்டும் பல்லாண்டுகளுக்கு முன்பே போய்விட்டன. ஷஃபான் மாதத்தில் அதில் வலி கண்டபோது, முதலில் பார்த்த மருத்துவர் பிடுங்கிவிடலாம் என்றார். ஞானப்பல்லுக்குப் பெரும்பாலும் சொல்லப்படும் தீர்ப்பு அதுதான். உம்மா இசையவில்லை. அவர்கள் முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுப்பவர்கள். 'ளாத்' என்னும் எழுத்து, நாவின் பக்கவாட்டு விளிம்பு மேல் கடைவாய்ப் பற்களைத் தொடுவதால் பிறப்பது. இடப்புறமாக மொழிவதே பலருக்கும் எளிது. "அதுவும் போய்விட்டால் ரமளான் என்ற பெயரையே எப்படிச் சொல்லிக்கொடுப்பேன்?" என்றார்கள். எங்களுக்கு மறுமொழி கிடைக்கவில்லை.

குர்துபாவின் அறுவை மருத்துவர் அஸ்ஸஹ்ராவி (இறப்பு 1013) தம் 'அத்தஸ்ரீஃப்' நூலில், பல்லைப் பிடுங்க அவசரப்பட வேண்டாம், மற்ற மருந்துகளையெல்லாம் முதலில் பாருங்கள் என்ற கருத்தை எழுதியிருக்கிறார். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்த நிதானம் இன்று அரிதாகவே தென்படுகிறது.

இரண்டாவது மருத்துவர் முப்பரிமாண எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். ஞானப்பல்லின் வேர்களுக்கு ஒழுங்கு கிடையாதாம்: மூன்றாகப் பிரிந்திருக்கலாம், ஒன்றாக ஒட்டியிருக்கலாம், நான்காகவும் இருக்கலாம். உம்மாவுக்கு மூன்று வேர்களும் ஒட்டி, நுனியில் வளைந்திருந்தன. கன்னத்தை ஒட்டிய வேரில் முடியிழை போன்ற இன்னொரு கால்வாயும் ஒளிந்திருந்தது. அதை விட்டுவிட்டால் கிருமி அங்கேயே தங்கி, மறுபடி சீழ் வைக்கும். வளைவுக்கு ஏற்ப வளைந்துகொடுக்கும் நிக்கல்-டைட்டானியக் கம்பிகளைக் கொண்டு, நுண்நோக்கியின் உதவியோடு நான்கையும் தேடிச் சுத்தம் செய்தார். வாயை அகலத் திறந்து வைத்திருப்பதுதான் உம்மாவுக்குப் பெரும்பாடாயிற்று.

இரண்டாம் அமர்வு ரமளானில் வந்தது. பல்லைக் குடைவதும், சத்தூட்டாத சிகிச்சை ஊசியும் நோன்பை முறிக்காது, தொண்டைக்குள் வருவதை விழுங்காமல் இருந்தால் போதும் என்று சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1997-ல் ஜித்தாவில் தீர்மானித்திருக்கிறது. பல்லைச் சுற்றிக் கட்டும் ரப்பர் விரிப்பும் நீர் தொண்டைக்குள் இறங்காமல் காக்கிறது. இவற்றையெல்லாம் எடுத்துச் சொன்னோம். உம்மா பேணுதலையே விரும்பினார்கள். மருத்துவரும் மஃரிபுக்குப் பிறகு நேரம் ஒதுக்கித் தந்தார்.

பெருநாள் கழிந்து பல்லுக்கு உறை போட்டாயிற்று, அல்ஹம்துலில்லாஹ். ஆறு மாதம் கழித்து மறுபடியும் எக்ஸ்ரே பார்க்க வேண்டும். அதுவரை அந்தப் பக்கம் முறுக்குக் கடிக்க உம்மாவுக்கு அனுமதியில்லை.